வாங்க ஆள் இருந்தும் வீடு ஏலத்துக்குப் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளைப் பெரும்பாலோர் படிக்காமல் புரட்டிவிடுவார்கள். கடன்தாரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பாக்கித் தொகை, சர்வே எண், நான்கு எல்லை, குறைந்தபட்ச விலை, முன்வைப்புத் தொகை எனப் பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டங்களில் உள்ள சில வீடுகளை, அதில் போட்டிருக்கும் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்க ஏற்கெனவே ஆள் வந்திருக்கும். கடன்தாரரே அலைந்து தேடிக் கூட்டிப்போன ஆள். வங்கியோ வீட்டுக் கடன் நிறுவனமோ "ஏலம் போடுவோம், ஆன்லைனில் வந்து கேட்கச் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கும். இதனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், எங்கே தவறுகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி அடமான வீட்டை விற்கலாம். தவணை 90 நாள் பாக்கி விழுந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பிறகு 13(2) பிரிவின் கீழ் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். கெடு முடிந்ததும் 13(4)இன் கீழ் சுவாதீனம், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுப்பது. கதவில் ஒரு தாளை ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பார்கள். அதன்பின் மதிப்பீடு, குறைந்தபட்ச விலை நிர்ணயம், ஏல அறிவிப்பு.

இதில் பலர் கவனிக்காத உட்பிரிவு 13(13). 13(2) நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால், வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கடன்தாரர் வீட்டை விற்க முடியாது. ஆக, சாவி வங்கியின் கையில். அந்தச் சம்மதத்தை இத்தனை நாளுக்குள் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று அந்த உட்பிரிவில் எதுவும் இல்லை. கிளையில் கேட்டால் மண்டல அலுவலகம் என்பார்கள், மண்டல அலுவலகத்தில் கேட்டால் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி'யை (வங்கி சார்பில் இந்த நடவடிக்கையை நடத்துபவர்) பாருங்கள் என்பார்கள். இரண்டு மாதம் இப்படியே ஓடும். வாங்க வந்தவர் அதுவரை காத்திருப்பாரா? வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

ஏலம்தான் ஒரே வழி என்று சட்டம் சொல்லவில்லை. இச்சட்டத்தின் கீழான 2002ஆம் ஆண்டு விதிகளில் 8(5)ஐப் பாருங்கள். விலைப்புள்ளி கேட்பது, டெண்டர், பொது ஏலம் (ஆன்லைன் ஏலமும் இதில் அடக்கம்), ஒருவரிடம் நேரில் பேசி முடிக்கும் விற்பனை என நான்கு வழிகள் அங்கே இருக்கின்றன. நான்காவது வழியை அதிகாரிகள் தொடுவதில்லை. காரணம் பயம். நாளை தணிக்கையில் "ஏன் இவருக்கு விற்றாய், இன்னும் பத்து பேரைக் கேட்டாயா" என்று கேள்வி வரும். ஏலத்தில் பத்து லட்சம் குறைந்து போனாலும் அந்தக் கேள்வி வராது. இந்தப் பயம் நியாயமானதுதான். சொந்தக்காரரையே வாங்குபவராகக் காட்டி அடிமாட்டு விலைக்கு முடிக்கப் பார்க்கும் கடன்தாரர்களும் உண்டு. அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் ஏலத்தில் விலை ஏன் விழுகிறது என்று பார்ப்போம். ஏலம் எடுத்தவர், ஏலத்தில் கலந்துகொள்ள முதலிலேயே கட்டிய முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றே அல்லது மறு வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள். எழுத்தில் நீட்டிப்பு வாங்கினால் அதிகபட்சம் மூன்று மாதம். அந்த நீட்டிப்பும் வங்கி கொடுத்தால்தான். கட்டத் தவறினால் 25 சதவீதமும் போய்விடும். முழுத் தொகையையும் வங்கி பறிமுதல் செய்யலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் தீர்ப்பளித்தது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் 15 நாளில் வீட்டுக் கடன் வாங்கிக் கட்ட முடியுமா? வக்கீல் பத்திரம் பார்க்கவே இரண்டு வாரம் ஆகும். ஆகவே குடியிருக்க வீடு தேடும் குடும்பங்கள் ஏலத்துக்கு வருவதே இல்லை. கையில் ரொக்கம் உள்ள முதலீட்டாளர்கள் மட்டும் வருகிறார்கள். அவர்களுக்கு அவசரம் கிடையாது. முதல் ஏலம் வீணாகட்டும், விலை இறங்கும் என்று காத்திருப்பார்கள். ஏலம் தோற்றால் அடுத்ததற்கு 15 நாள் அறிவிப்பு போதும். குறைந்தபட்ச விலையில் வழக்கமாக ஒரு 10 சதவீதத்தை வெட்டுவார்கள்.

போதாக்குறைக்கு 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம். உள்ளே வாடகைக்கு ஆள் இருந்தாலும், சொத்துவரி, தண்ணீர் வரி, அடுக்குமாடிப் பராமரிப்புப் பாக்கி இருந்தாலும் வாங்குபவர் தலையில். சுவாதீனம் காகிதத்தில் மட்டும் இருந்தால், 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ போய்த்தான் வீட்டைக் காலி செய்ய முடியும். "காலை 11 முதல் 4 மணி வரை சொத்தைப் பார்வையிடலாம்" என்று அறிவிப்பில் இருக்கும். போய்ப் பார்த்தால் பூட்டின் மேல் அரக்கு முத்திரை, வெளித் திண்ணையில் நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். உள்ளே ஒழுகுகிறதா என்று தெரியாமல் எவர் முழு விலை கேட்பார்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் சந்தை மதிப்பு 60 லட்சம், கடன் பாக்கி 44 லட்சம், வட்டி 9 சதவீதம். கடன்தாரர் கூட்டிவந்தவர் 54 லட்சத்துக்குக் கேட்கிறார். அப்போதே முடித்தால் வங்கிக்கு முழுப் பாக்கியும் வந்துவிடும், குடும்பத்துக்கு 10 லட்சம் மிஞ்சும். ஏலத்துக்குப் போனால், அவசர விற்பனை மதிப்பு என்று 75 சதவீதம் எடுத்து 45 லட்சத்தில் தொடங்குவார்கள். கேட்க ஆளில்லை. அடுத்த ஏலத்தில் 40.5 லட்சம், அதற்குச் சற்று மேலே போகிறது. இதற்குள் ஆறு மாதம். மாதம் 33,000 ரூபாய் வீதம் வட்டி ஏறிப் பாக்கி ஏறக்குறைய 46 லட்சம். விளம்பரச் செலவு, வக்கீல் செலவு தனி. வீடும் போய், இன்னும் ஐந்தரை லட்சம் பாக்கி. அந்தப் பாக்கியை வங்கி விட்டுவிடாது. 13(10) பிரிவின் கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலோ, தொகை 20 லட்சத்துக்குக் குறைவென்றால் உரிமையியல் நீதிமன்றத்திலோ வழக்குப் போடலாம், ஜாமீன்தாரர் மீதும் சேர்த்து. ஜாமீன் போட்டவர் பெரும்பாலும் மைத்துனராகவோ கூட வேலை பார்த்தவராகவோ இருப்பார். வீட்டில் ஒரு செங்கல்கூட அவருடையது இல்லை.

இன்னொரு அநியாயம் தேதியில் இருக்கிறது. 2016 வரை, விற்பனைக்கு முன்பு எந்த நேரத்தில் முழுப் பாக்கியைக் கட்டினாலும் வீட்டை மீட்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் 13(8) திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பே கட்டியாக வேண்டும். அறிவிப்பு வந்ததும் மீட்கும் உரிமை முடிந்தது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் நடைமுறையில் கடன்தாரருக்குத் தர வேண்டிய 30 நாள் நோட்டீசும் நாளிதழ் விளம்பரமும் ஏறத்தாழ ஒரே நாளில் கிளம்புகின்றன. தபால்காரர் நோட்டீசைக் கொண்டுவந்து கொடுக்கும்போது உரிமை ஏற்கெனவே போயிருக்கும். 30 நாள் இருக்கிறது என்று நம்பி ஆள் தேடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதற்குமேல் ஏலத்தை நிறுத்துவது வங்கி மனம் வைத்தால் மட்டும்.

ஆகவே வீட்டை விற்றுக் கடனை அடைக்க நினைப்பவர்கள் 13(2) நோட்டீஸ் வந்தவுடன் தொடங்க வேண்டும். இன்னும் நல்லது, முதல் தவணை தவறும்போதே. 13(3ஏ)யின் கீழ் அந்த நோட்டீசுக்குப் பதில் மனு கொடுக்கலாம். ஏற்கவில்லை என்றால் 15 நாளுக்குள் வங்கி காரணம் எழுத வேண்டும். விற்பனைத் திட்டத்தை இந்த மனுவிலேயே வையுங்கள். தனியாக 'தயவுசெய்து' என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது, இதற்கு வந்தாக வேண்டும். வாங்குபவரின் பெயர், பான் எண், விலை, பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அத்தாட்சி (வங்கி இருப்புச் சான்று அல்லது கடன் ஒப்புதல் கடிதம்), எந்தத் தேதிக்குள் கிரயம் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். குறிப்பிட்ட தேதி வரையிலான முழுப் பாக்கிக் கணக்கை, வட்டியும் செலவும் பிரித்துக் கேளுங்கள். கிளை, மண்டல அலுவலகம், அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி மூவருக்கும் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒன்று அனுப்புங்கள்.

வாங்குபவரின் முன்பணத்தைக் கடன்தாரர் கையில் வாங்கிச் செலவழித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வங்கி சம்மதம் தராவிட்டால் அவர்மீது மோசடிப் புகார் வரும். நேராகக் கடன் கணக்கில் கட்டுவதும் ஆபத்து. வட்டியில் கழித்துக்கொள்வார்கள், பேச்சு முறிந்தால் திரும்பி வராது. வங்கியிலேயே, ஒப்பந்தம் முடியும் வரை கடனுக்கு எடுத்துக்கொள்ள முடியாத தனிக் கணக்கு ஒன்றில் 10 சதவீதம் வைக்கிறோம் என்று எழுதிக் கேளுங்கள். மீதியை டிமாண்ட் டிராஃப்டாக சார்பதிவாளர் அலுவலகத்தில், கிரயப் பத்திரம் பதியும் அன்று, வங்கி அதிகாரி முன்னிலையில் கொடுக்கலாம். பாக்கி தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது. வாங்குபவருக்கு அதைக் காட்டலாம்.

வங்கி சுவாதீனம் எடுத்துவிட்டால் 17ஆம் பிரிவின் கீழ் 45 நாளுக்குள் தீர்ப்பாயம் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கின்றன. குறைந்தபட்ச விலைக்கும் கீழே விற்க வேண்டுமானால் விதி 9(2)இன்படி கடன்தாரரின் சம்மதமும் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படி ஒரு தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரிசர்வ் வங்கியிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. கடன்தாரர் அத்தாட்சியுடன் ஆள் கொண்டுவந்தால் 15 நாளில் சம்மதம், அல்லது காரணத்தோடு மறுப்பு. ஏலம் போட்டே தீருவேன் என்றால் அந்த ஆள் சொன்ன விலையையே குறைந்தபட்ச விலையாக வைக்கட்டும். மேலே கேட்பவர் வந்தால் அவருக்கு, வராவிட்டால் இவருக்கு. வாராக்கடன்களை மொத்தமாக விற்கும்போது வங்கிகளே பின்பற்றும் முறை இது. அதிகாரிக்குத் தணிக்கைப் பயமும் இராது. கடன்தாரருக்கு நோட்டீஸ் சேர்ந்து 30 நாள் கழிந்த பிறகே நாளிதழ் விளம்பரம் வரட்டும். மதிப்பீட்டு அறிக்கையின் நகலை நோட்டீசுடன் இணைக்கட்டும். 60 லட்சம் வீட்டுக்கு 45 லட்சம் எப்படி வந்தது என்று கேட்கக்கூட இப்போது கடன்தாரர் கையில் ஒரு தாள் இல்லை.

இப்படிக்கு,
வங்கிக் கடன் மீட்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்,
திருச்சி.