தரம் 7 இல் பிரெஞ்சு இமர்ஷனுக்கு ஒரு வாசல் திறந்துவிடக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்கள்,
ஒன்ராறியோ மாகாண அரசு,
ரொறொன்ரோ.

அனுப்புநர்:
ரொறொன்ரோ பெரும்பாகத்தில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோர்
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

விடயம்: பத்து, பதினொரு வயதில் கனடாவுக்கு வந்துசேரும் பிள்ளைகளும் பிரெஞ்சு – ஆங்கில இருமொழிக் கல்வியில் சேரத் தரம் 7 இல் வழி செய்து தருமாறு வேண்டுதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே,

இந்த மனுவில் கையொப்பமிட்டுள்ளவர்களில் பெரும்பாலானோர் அண்மைய ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் குடும்பத்தோடு இங்கு வந்து குடியேறியவர்கள். வந்திறங்கியபோது எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து, பதினொரு வயது. பிரெஞ்சு இமர்ஷனில், அதாவது மற்றப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்பில், சேர்க்க முடியுமா என்று விசாரித்த எல்லோருக்கும் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: காலம் கடந்துவிட்டது, பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோதே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஐந்து வயதில் அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் அரிச்சுவடி எழுதிக்கொண்டிருந்தது.

பாடசாலைகளை நடத்தும் ஆங்கில மொழிக் கல்விச் சபைகளில் பிரெஞ்சு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பது தாங்கள் அறிந்ததே. தரம் 4 முதல் 8 வரை எல்லோருக்கும் கட்டாயமான கோர் பிரெஞ்சு, அதாவது பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிப்பது, 600 மணித்தியாலம். அதற்கு மேல் எக்ஸ்டெண்டட் பிரெஞ்சு: பிரெஞ்சோடு வேறு பாடமும் பிரெஞ்சில் நடக்கும். அதில் தரம் 8 முடிவதற்குள் 1,260 மணித்தியாலம். இமர்ஷனுக்கு 3,800. இமர்ஷனின் வாசல் பல சபைகளில் பாலர் வகுப்பிலோ தரம் 1 இலோ திறந்து அப்போதே மூடிவிடுகிறது. சில சபைகளில் தரம் 4 இல் இன்னொரு வாசல் உண்டு. தரம் 7 இல் உள்ளே போகும் வழி எல்லாச் சபைகளிலும் இல்லை. ஆகவே ஒரு பிள்ளை இருமொழி மாணவராக வளருமா என்பதை அதன் திறமையோ விருப்பமோ தீர்மானிப்பதில்லை. எந்த வயதில் விமானம் ஏறியது, பெற்றோருக்கு எந்தத் தெருவில் வாடகை வீடு அகப்பட்டது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

கோர் பிரெஞ்சு எல்லோருக்கும் இருக்கிறதே என்று கேட்கலாம். 600 மணித்தியாலத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிடம். பல பாடசாலைகளில் பிரெஞ்சு ஆசிரியருக்கென்று சொந்த வகுப்பறை கிடையாது. புத்தகங்களையும் பட அட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி வகுப்பு வகுப்பாகப் போகிறார். வண்டி உள்ளே வந்து, பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்து, பாடம் தொடங்குவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் அவர்கள் செய்வதே பெரிய காரியம். ஆனால் தரம் 6 இல் வந்து சேரும் பிள்ளை, இரண்டு ஆண்டுகள் பிரெஞ்சு படித்துவிட்ட பிள்ளைகள் நடுவே அந்த 40 நிமிடத்தில் எதைப் பிடிக்கும்?

அந்த 40 நிமிடமும் பலருக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. எங்களில் ஒரு தாய் தன் மகளின் நேரசூசியின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறார். வாரத்தின் ஐந்து நாளிலும் பிரெஞ்சு என்று அச்சிட்டிருக்கிறது. அதில் மூன்று நாட்களில் அந்தச் சொல்லைப் பென்சிலால் வெட்டிவிட்டு இ.எஸ்.எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பு) என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கில உதவி அந்தப் பிள்ளைக்குத் தேவைதான். கணிதத்தில் கைவைக்க முடியாது, விஞ்ஞானத்தில் கைவைக்க முடியாது. கேட்பாரில்லாத பாடமாகப் பிரெஞ்சு கிடைத்தது. அதே பிள்ளை தரம் 9 க்குப் போகும்போது உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு ஒரு பிரெஞ்சு கிரெடிட் (தேறிய பாட அலகு) வேண்டும் என்று அதே கல்வி முறை கேட்கும்.

"முதலில் ஆங்கிலம் வரட்டும், பிரெஞ்சைப் பிறகு பார்ப்போம்" என்ற புத்திமதியை அதிபர்கள் மட்டும் சொல்வதில்லை. எங்கள் உறவினர்களும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் பிழையானது. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பிரெஞ்சு வகுப்புகளுக்கு எப்படி வரவேற்க வேண்டும் என்று தங்கள் அமைச்சே 2016 இல் ஒரு வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது. அது கேட்பதற்கும் பாடசாலை அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லப்படுவதற்கும் நிறைய இடைவெளி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தமிழில் சரளமாக வாசிப்பவர்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் சிங்களமும் கொஞ்சம் படித்திருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் அரபு எழுத்துக் கூட்டுவார்கள். இன்னொரு மொழி என்றதும் மிரள்கிற பிள்ளைகள் அல்லர் இவர்கள். விஞ்ஞானத்திலும் சரித்திரத்திலும் வரும் கலைச்சொற்களில் ஏராளமானவை ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவானவை என்பதால், ஒன்றில் படித்தது மற்றதில் வீணாவதுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் எங்கள் பிள்ளை என்றைக்கும் பிந்தி வந்த பிள்ளைதான். பக்கத்தில் இருப்பவர்கள் பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் அது தட்டுத்தடுமாறிப் பதில் சொல்கிறது. தரம் 7 இல் தொடங்கும் ஒரு இமர்ஷன் வகுப்பில் அப்படியில்லை. அங்கே பிரெஞ்சில் பாடம் படிப்பது எல்லோருக்கும் புதிது, எல்லோரும் தடுமாறுவார்கள். இங்கு வந்தபின் முதல் தடவையாக அந்தப் பிள்ளை மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிற்கும். பன்னிரண்டு வயதில் அது எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பெற்றோர் அறிவோம்.

இரண்டே ஆண்டில் என்ன சாதிக்க முடியும் என்ற கேள்விக்குக் கணக்கே பதில். ஒரு பாடசாலை நாளில் கற்பிக்கும் நேரம் ஐந்து மணித்தியாலம். ஆண்டுக்கு 187 நாள் என்று வைத்தால் 935 மணித்தியாலம். தரம் 7 இலும் 8 இலும் நேரத்தின் முக்கால் பங்கைப் பிரெஞ்சில் கற்பித்தால் இரண்டு ஆண்டில் சுமார் 1,400 மணித்தியாலம் சேர்கிறது. அதற்கு முன் ஒரு நாள்கூடப் பிரெஞ்சு படிக்காத பிள்ளையும் எக்ஸ்டெண்டட் பிரெஞ்சின் 1,260 என்ற எல்லையைத் தாண்டிவிடும். உயர்பள்ளியில் எக்ஸ்டெண்டட் சான்றிதழுக்கான ஏழு கிரெடிட்டுகளை நோக்கி அது தொடர்ந்து நடக்கலாம். 3,800 மணித்தியாலத்தை எட்ட முடியாது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

மற்ற மாகாணங்களில் இது புதுமையல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தரம் 6 இலும் நோவா ஸ்கோஷியாவில் தரம் 7 இலும் பிந்திய இமர்ஷன் என்ற பெயரிலேயே ஒரு வாசல் இருக்கிறது. இமர்ஷன் என்பதே பெற்றோர் கேட்டுப் பெற்றதுதான். 1965 இல் மொன்றியலுக்குத் தெற்கே சென் லம்பேர் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் கல்விச் சபையை விடாமல் நச்சரித்து ஒரு பாலர் வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளை ஆண்டுகணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. நாங்கள் நச்சரிப்பதையும் அமைச்சர் அவர்கள் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதைச் சபைகளே முடிவு செய்கின்றன, அமைச்சு தலையிடாது என்ற பதில் வரக்கூடும். குறைந்தபட்ச மணித்தியாலங்களை வகுப்பது அமைச்சுதான். அதே அதிகாரத்தில், ஒவ்வொரு ஆங்கில மொழிச் சபையும் தன் எல்லைக்குள் ஒரு பாடசாலையிலாவது தரம் 7 இல் இமர்ஷன் வகுப்பு நடத்த வேண்டும் என்று பணிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பிரெஞ்சு மொழிக் கல்விச் சபைகளின் பாடசாலைகள் வேறு. அரசியலமைப்பிலுள்ள உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 23 ஆம் பிரிவின்படி அவை பிரெஞ்சு மொழிச் சிறுபான்மையினரின் உரிமை. அவர்களின் இடத்தில் பங்கு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை.

பெரிய தடை ஆசிரியர் பற்றாக்குறை. இருக்கும் இமர்ஷன் வகுப்புகளுக்கே ஆள் கிடைப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பிரெஞ்சில் படித்துப் பிரெஞ்சில் கற்பித்தவர்கள் கமரூனிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் ஹெயிட்டியிலிருந்தும் இங்கே வந்திருக்கிறார்கள். பிரான்சில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வந்த தமிழரும் எங்களிடையே இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஆசிரியராக இருந்தவர் ஆசிரியர்களுக்கு அனுமதி வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் பெறும்வரை எதிலாவது பிழைப்பு நடத்த வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் சம்பளத்துடன் ஒரு வகுப்பறையில் உதவியாளராகப் பணிபுரியும் ஏற்பாட்டை அமைச்சு செய்து தரலாம். இருமொழிக் கல்விக்கென மத்திய அரசு மாகாணத்துக்குத் தரும் நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும். ஆசிரியர் இல்லை என்று சொல்லிக் காணொளியில் இமர்ஷன் நடத்தும் யோசனை மட்டும் வேண்டாம். பேசப் பழக முன்னால் ஒரு மனிதர் நிற்க வேண்டும்.

பஸ் இல்லாமல் மேலே கேட்ட எதுவும் பயன்படாது. சபைக்கு ஒரு பாடசாலை என்றால் பல பிள்ளைகளுக்கு அது தொலைவாக இருக்கும். காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போகும் தாயும் இரவு வேலை முடித்து வரும் தகப்பனும் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விட முடியாது. அப்படி விடக்கூடியவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கும் இமர்ஷனில் அதிகம் என்ற குற்றச்சாட்டு பழையது, அதில் நியாயமும் உண்டு. ஆகவே சேர்க்கைப் பரீட்சை வைக்க வேண்டாம், விண்ணப்பம் கூடினால் குலுக்கல் போதும். பாடசாலை பஸ் இல்லாத இடத்தில் பயண அட்டையாவது தர வேண்டும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணமும் தேவையில்லை. பிரெஞ்சுப் பாட நேரத்தை வெட்டி இ.எஸ்.எல் வகுப்புக்குப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்துமாறு வரும் செப்டம்பருக்கு முன் எல்லாச் சபைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பிள்ளையைப் பிரெஞ்சிலிருந்து விலக்குவதானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும். சம்மதப் படிவம் பெற்றோருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும்.

இவை குறித்துத் தங்கள் அதிகாரிகளுடன் நேரில் பேச எங்கள் சார்பில் நான்கு பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள். வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ சனிக்கிழமையோ நேரம் ஒதுக்கித் தந்தால் வசதியாக இருக்கும். பதிலை எழுத்தில் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள பெற்றோர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மாணவி ஒருவரின் நேரசூசிப் பிரதி (பெயர் மறைக்கப்பட்டது)