இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தும்போது நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் விடையையும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று படிகளையும்தான். மாணவர் தாம் செய்ததை இன்னொருவருக்குப் புரியும்படி எழுதியிருக்கிறாரா என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. பருவத் தொடக்கத்தைவிட இப்போது நன்றாக எழுதுகிறாரா என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஓர் எளிய கூற்றை எடுத்துக்கொள்வோம்: இரண்டு ஒற்றை எண்களின் கூடுதல் இரட்டை எண். புதிதாக வரும் மாணவர் 3+5=8, 7+9=16 என்று எழுதி, 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று முடித்துவிடுவார். கொஞ்ச நாள் கழித்து, இரண்டு எண்களையும் 2க+1 என்றே குறித்துக் கூட்டி, 4க+2 இரட்டை எண் என்பார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது 3+3, 5+5 போன்றவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். 3+5 அதில் அடங்காது. அப்புறம் ஒரு நாள் 2க+1, 2ச+1 என்று எழுத்தை மாற்றி, 'க, ச இரண்டும் முழு எண்கள்' என்ற வரியையும் சேர்த்து, கூடுதல் 2(க+ச+1) என்று முடிப்பார். அந்த ஒரு வரி தானாக வந்ததே, அதுதான் பெரிய விஷயம். படிக்கு இவ்வளவு என்று போடும் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால், கடைசி இரண்டு தாள்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பருவத்தில் தெளிவாக எழுதிய மாணவி, எல்லை, தொடர்ச்சி என்று பாடம் கடினமானதும் குழப்பமாக எழுதத் தொடங்குவாள். எந்த எண்ணை முதலில் தேர்வது, எது எதைச் சார்ந்தது என்பதிலேயே மூளை போய்விடும். வாக்கியம் பாதியில் நிற்கும். எழுத்து பின்னுக்குப் போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது, பாரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எழுத்தின் முன்னேற்றத்தை அளக்க வேண்டுமானால் கணிதத்தின் கடினம் மாறாமல் இருக்க வேண்டும். தொடக்கத்தில் கொடுத்ததைப் போலவே எளிய கூற்று ஒன்றைப் பருவ முடிவிலும் கொடுத்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்படிப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது நிரூபணம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத்தான். இரண்டு மிகை எண்களின் கூட்டுச் சராசரி (கூட்டி இரண்டால் வகுத்தது) பெருக்குச் சராசரிக்கு (பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது) குறையாது என்று நிரூபிக்கச் சொன்னால், பலர் நிரூபிக்க வேண்டிய அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு முதல் வரியாக எழுதுவார்கள். வர்க்கப்படுத்திச் சுருக்கி, எந்த வர்க்கமும் குறை எண் ஆகாது என்ற இடத்தில் வந்து நிற்பார்கள். அதே வரிகளைக் கீழிருந்து மேலாக எழுதியிருந்தால் நல்ல நிரூபணம்! இதைத் திருப்பி எழுதப் பழகுவது சிலருக்கு ஒரு வருடம் பிடிக்கிறது. குறியீடுகளை அள்ளித் தெளித்தால் எழுத்து முதிர்ந்துவிட்டது என்று நினைக்கும் சக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'ஏனெனில்', 'ஆகவே' இரண்டும் உரிய இடத்தில் வந்தாலே நான் மதிப்பெண் போட்டுவிடுவேன்.

அறுபது பேர் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். சரி, பருவத்துக்கு இரண்டு முறை, ஆளுக்கு அரைப் பக்கம் போதும். திருத்துகிறவர்கள் முன்னதாக நாலைந்து தாள்களைச் சேர்ந்து படித்து, எதற்கு எவ்வளவு என்று பேசி வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு மதிப்பெண் விழாது.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தேற்றத்தை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஓட்டை உள்ள நிரூபணம் ஒன்றைக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பகா எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்ளிடின் தேற்றத்தையே எடுக்கலாம். '2 முதல் வரிசையாகப் பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவதும் பகா எண்தான்' என்று பலர் எழுதுகிறார்கள். 13 வரை பெருக்கி 1 கூட்டினால் 30031; அது 59×509. அந்த வரியை எப்படி மாற்றினால் நிரூபணம் நிற்கும் என்பதற்கு 5 மதிப்பெண் வையுங்கள். மனப்பாடம் செய்தவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
கணிதப் பேராசிரியை ஒருவர்