ஏரிக்கரை ஊரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேசும்போதெல்லாம், “டொரொண்டோவை விட்டுட்டு எதுக்கும்மா அந்தப் பட்டிக்காட்டுக்குப் போனே?” என்று கேட்கிறீர்கள். போனில் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரின் பெயர் காட்ரிச். டொரொண்டோவிலிருந்து மேற்கே காரில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஜனத்தொகை 8,000 கூட இல்லை. ஊருக்குக் கிழக்கே மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்கள், மேற்கே ஹியூரான் ஏரி. ஏரி என்றதும் நம் பக்கத்து ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் பரப்பு ஏறக்குறைய 59,600 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மறுகரையில் அமெரிக்கா இருக்கிறது, ஆனால் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கும், மணல் இருக்கும், காற்றில் மட்டும் பிசுபிசுப்பு இருக்காது. நல்ல தண்ணீர். ஊரே இதைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறது.

உப்பளத்தில் கணக்கெழுதிய உங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த நல்ல தண்ணீர் ஏரிக்கு அடியில், சுமார் 550 மீட்டர் ஆழத்தில் உப்புச் சுரங்கம் ஓடுகிறது! நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்கிறார்கள். 1866-இல் எண்ணெய் கிடைக்குமா என்று இங்கே துளை போட்டவருக்கு உப்பு கிடைத்தது. 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்த கடல் வற்றியபோது படிந்த உப்பு அது. இன்று அதை ஏற்றிப்போக 200 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல்கள் இந்தச் சின்னத் துறைமுகத்துக்கு வருகின்றன. கப்பல் வரும் நாளில் பெரியவர்கள் கரையில் காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது நானும் நிறுத்துகிறேன்.

ஊரின் அமைப்பு உங்களுக்குப் பிடிக்கும். கோயிலைச் சுற்றி மாட வீதிகள் அமைவதுபோல, நடுவே நீதிமன்றத்தை வைத்து எட்டு மூலையாக ஒரு வீதி சுற்றி வருகிறது. அதிலிருந்து எட்டுத் தெருக்கள் பிரிகின்றன. நான்குக்குத் திசைகளின் பெயரே பெயர். மேற்குத் தெருவில் நடந்தால் நேராக ஏரிப் பக்கம்தான்.

2011 ஆகஸ்ட் 21, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியிலிருந்து எழுந்து வந்த சூறாவளி இந்த வீதியைத்தான் அடித்துப் போட்டது. ஓர் உயிர் போனது, பல கட்டடங்கள் இடிந்தன, நடுவில் நிழல் தந்த பழைய மரங்கள் சாய்ந்தன. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்த மரங்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள், செத்துப்போன சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பிறகு நட்ட கன்றுகள் இப்போது மரமாகிக்கொண்டிருக்கின்றன. ஊரை விட்டுப் போகாமல் திரும்பக் கட்டியவர்கள் நடுவில் வாழ்வது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அமைதி என்றால் வெறுமை என்று நினைக்கிறீர்கள் அப்பா. அப்படி இல்லை. டொரொண்டோவில் மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் முகமே எனக்குத் தெரியாது. இங்கே ஒருநாள் நடக்கப் போகாவிட்டால் மறுநாள் கேட்கிறார்கள். கிராமத்துச் சாலையோரம் மேசை போட்டு ஜூனில் ஸ்ட்ராபெரியும் ஆகஸ்டில் சோளக்கதிரும் வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது, ஒரு பெட்டி மட்டும் இருக்கும். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாவட்டத்தின் உட்பகுதிக்குப் போனால், கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குதிரை வண்டிகள் எதிரே வரும். அவற்றுக்கு வழி விட்டு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. கார் இல்லாமல் இங்கே பிழைக்க முடியாது. பெரிய வைத்தியம் என்றால் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லண்டனுக்குப் போக வேண்டும் (இது கனடா லண்டன்!). நம் அரிசி பருப்புக்கும் அங்கேதான். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று, உறையாத ஏரியின் ஈரத்தை அள்ளிவந்து கரையில் பனியாகக் கொட்டும். எதிரே எதுவும் தெரியாமல் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் வீட்டு நினைப்பு அதிகமாக வரும், உண்மைதான். ஆனால் அப்போதுதான் எதிர்வீட்டுத் தாத்தா தன் வாசலோடு என் வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போகிறார்.

சரி, விசா வந்துவிட்டால் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போடலாம். அப்போது சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி தாண்டும். அதுவும் ஏரிக்குள் இறங்கும். கரையில் ஒருமுறை பார்த்துவிட்டு மேட்டுக்கு ஓடினால் இரண்டாம் முறையும் பார்க்கலாம் என்பார்கள் ஊரில். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓட வேண்டாம். மணல் வரைக்கும் கார் போகும், கரையோரம் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. ஒரு ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள், மாலையில் காற்று சில்லென்று இருக்கும். தேதியைச் சீக்கிரம் முடிவு செய்து சொல்லுங்கள் அப்பா, நான் லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்