காலண்டர் படம் என்றார்களாமே

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களை அம்மா போனில் பார்த்துவிட்டு எல்லாமே பிரமாதம் என்றாள். அவளுக்கு நீ எடுத்தாலே பிரமாதம்தான். நான் லேபில் பிரிண்ட் போட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். டார்க் ரூமிலேயே காலம் தள்ளியவனுக்குத் திரையில் பார்த்தால் படம் பார்த்த மாதிரி இருப்பதில்லை.

எடுத்த படங்களை மாட்டி எல்லாரும் குறை நிறை சொல்கிற உங்கள் போட்டோகிராபி கிரிட்டிக் வகுப்பில் உன் ஏற்காடு படங்களைக் காலண்டர் படம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாயாம். உன் வாத்தியார் சொன்னது சரிதான் கண்ணு. ஏற்காட்டு லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் யார் நின்று அழுத்தினாலும் கீழே சேலம் டவுன், வளைந்து ஏறும் மலைப்பாதை, ஓரத்தில் ஒரு மரக்கிளை, இவ்வளவுதான் வரும். ஏரியில் படகும் பனிமூட்டமும் அப்படித்தான்.

ஆனால் ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ பாக்டரியில் எடுத்த படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்றாயே, அதைத்தான் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தேன். களத்தில் ஜவ்வரிசியைக் கிளறுகிற அந்த அம்மா, சிமெண்டுச் சூடு தாங்காமல் ஒரு குதிகாலைத் தூக்கி வைத்திருக்கிறாள். அதை நீ பார்த்துதான் எடுத்தாயா, தானாக விழுந்ததா? பார்த்திருந்தால் அவளை இவ்வளவு சின்னதாக வைத்திருக்க மாட்டாய். வலது ஓரத்தில் பாதி லாரி வேறு நிற்கிறது.

இன்னொன்று, வெள்ளை வெளேரென்று காய்கிற ஜவ்வரிசி உன் படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வெளிச்சத்தை அளக்கிற கேமரா மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். களம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதோடு சேர்ந்து முக்காட்டுக்குள் இருக்கிற முகமும் இருண்டுபோகும். ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு), தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப், கூட்டி வை. வெள்ளை வெந்து விவரம் அழிந்துபோகாமல், கேமராவில் வெளிச்சக் கணக்கைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மட்டும் கவனித்துக்கொள். மலையில் எடுத்த மூட்டம் அழுக்குத் துணி மாதிரி இருப்பதற்கும் இதே காரணம்தான். இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லையா?

கிரிட்டிக்கில் படத்தை மாட்டியதும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறாய் போல. அன்றைக்கு வெயில், சூப்பர்வைசர் விரட்டினார், லென்ஸ் கடன் வாங்கியது, இதெல்லாம் படத்துக்குள் இல்லை. முதலில் அவர்கள் கண்ணில் படுவதைச் சொல்லட்டும், நீ நோட்டில் குறித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு. நாலு பேர் லாரியைப் பற்றியே பேசினால் அந்தப் படம் லாரிப் படம்தான். எங்கள் ஸ்டூடியோவில் கஸ்டமர்தான் கிரிட்டிக். கல்யாண ஆல்பத்தைப் புரட்டியதும், "எங்க சித்தப்பா எங்கே?" என்பார்கள். லைட்டிங் பற்றி ஒருத்தர்கூடக் கேட்டதில்லை, போ.

1936இல் அமெரிக்க போட்டோகிராபர் டோரதியா லாங்கே கலிபோர்னியாவில் பட்டாணி வயலோரம் ஒரு தாயை எடுத்தாரே, உங்கள் பாடத்திலேயே இருக்கும். அந்த வரிசை முழுவதையும் தேடிப் பார். தூரத்தில் கூடாரத்தோடு தொடங்கிக் கிட்டக் கிட்ட வருகிறார். கடைசியில் மிஞ்சுவது அந்த முகமும், முதுகைக் காட்டிச் சாய்ந்த பிள்ளைகளும்தான். நீயோ களத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாய். ஜூம் லென்ஸை ஹாஸ்டலில் வைத்துவிட்டு ஜூம் ஆகாத 50 மில்லிமீட்டர் லென்ஸை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பப் போ. கிட்ட வேண்டுமானால் நடக்கத்தான் வேண்டும், நடந்தால் பேசத்தான் வேண்டும்.

லாங்கே அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஃபிளாரன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வந்தது 1978இல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். எனக்கு இது உறுத்துகிறது. நீ போகும்போது பழைய பிரிண்டை எடுத்துப்போய் களத்துக்காரம்மாவிடம் கொடு, பெயரைக் கேள். "நான் இப்படியா இருக்கேன்?" என்று ஏதாவது சொல்வாள், அதையும் நோட்டில் எழுது.

பஸ் செலவுக்குப் பணம் போட்டுவிட்டேன். களத்துக்குக் காலையிலேயே போய்விடு, உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். புதிதாக எடுத்ததை அம்மாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

அப்பா
சேலம்