கதாநாயகனின் அப்பாவைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ எழுதி அனுப்பிய நாவலை, இரண்டு ஆண்கள் காதலிக்கும் அந்தக் கௌபாய் கதையை, முழுவதும் படித்துவிட்டேன். "சும்மா படித்துப் பாருங்கள் அப்பா, கருத்தெல்லாம் வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். வாழ்நாள் முழுக்கக் கால்நடை மருத்துவம் பார்த்தவனிடம் மாடும் குதிரையும் நிறைந்த கதையைக் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்வது நியாயமே இல்லை.

முதலில் மாடு. ஐந்தாம் அத்தியாயத்தில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மார்ச் மாதப் பனியில் தலையீற்றுக் கிடாரி ஒன்று கன்று போடுகிறது. கன்று விழுந்த மறு நிமிடமே உன் கதாநாயகன் நஞ்சுக்கொடியைக் கையால் பிடித்து இழுக்கிறான். கூடவே கூடாது. அது தானாக விழ வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். இழுத்தால் கருப்பை புண்ணாகிவிடும். அடுத்து, நனைந்த கன்றை வைக்கோலில் அப்படியே போட்டுவிட்டு அவனும் அவன் காதலனும் நட்சத்திரம் பார்க்கப் போகிறார்கள். அந்தக் குளிரில் கன்றின் காது நுனி உறைந்து உதிர்ந்துவிடும், தம்பி. துடைத்து உலர்த்த வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் இறங்க வேண்டும். காதலெல்லாம் அதற்கப்புறம். அந்த ஊர்களில் கன்றைத் தூக்கி பிக்கப் வண்டியில் போட்டு ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிடுவார்கள். வண்டிக்குள் நடுவில் ஈரக் கன்று, இரண்டு பக்கமும் இவர்கள் இருவர், யாரும் எதுவும் பேசவில்லை என்று எழுதியிருந்தால், நீ நட்சத்திரங்களை வைத்துச் சொல்ல முயன்றது தானாக வந்திருக்கும். உன்னோடு இருப்பவர் மாட்டுப்பண்ணையிலேயே வளர்ந்தவர் என்று சொன்னாயே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அடுத்தது குதிரை. முள்கம்பியில் சிக்கிக் காலைக் கிழித்துக்கொள்கிறது என்பது சரியான இடம்தான். 1874இல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து அந்தச் சமவெளியில் குதிரைகளின் கால் கிழிபடாத ஆண்டே இருந்திருக்காது. ஆனால் உன் குதிரைக்குப் பத்தே நாளில் புண் ஆறிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதை கிடையாது. தோல், தசைநார், எலும்பு, அவ்வளவுதான். அங்கே புண் பட்டால் புதுச்சதை அளவுக்கு மீறிப் பொங்கித் தோலுக்கு மேலே வந்துவிடும். அப்படி வந்த பிறகு இரு பக்கத்துத் தோலும் ஒன்றுசேர வழியில்லை. பொங்கியதைச் சீவி எடுக்க வேண்டும். அதில் நரம்பு இல்லாததால் குதிரைக்கு வலிக்காது, ரத்தம் மட்டும் கொட்டும். கட்டுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி சீவி, மறுபடி கட்டு. மாதக்கணக்கில் ஆகும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு முகாம் போகும்போதெல்லாம் இப்படிக் கால் வீங்கிய குதிரை ஒன்றாவது வந்து நிற்கும். ஓட்டி வந்தவர் "மேலே நன்றாக மூடிவிட்டதே சார்" என்பார். மேலே மூடியதுதான் வினையே. எனவே உன் குதிரை கடைசி அத்தியாயம் வரை நொண்டட்டும். காளைச் சவாரியில் எட்டு வினாடி தாக்குப் பிடிக்கப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டு ஊர் திரும்பியவன்தானே உன் கதாநாயகன். அவனும் கூடவே நொண்டட்டும்.

மாட்டு முகாம் நடனத்தைக் கொண்டுவந்தது நல்ல யோசனை. பெண்களே இல்லாத அந்தப் பழைய முகாம்களில் ஆண்கள் ஜோடி சேர்ந்து ஆடியதும், பெண் இடத்தில் ஆடுபவன் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டதும், அதைக் 'கிடாரி முத்திரை' என்று அவர்கள் அழைத்ததும் உண்மையே. மாட்டு வைத்தியனான எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் ஆடியவர்கள் எல்லோரும் காதலர்கள் என்பதுபோல் உன் லாடக்காரன் பேசுகிறான். சிலர் காதலர்களாக இருந்திருக்கலாம். பலர் வெறுமனே ஆட வந்தவர்கள். உனக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல அத்தனை பேரையும் கல்லறையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

ரோடியோ, அதாவது கௌபாய்களின் மாடு, குதிரை விளையாட்டு விழா, வரும் அத்தியாயத்தில் குறையே இல்லை. 1976இல் ரீனோ நகரில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு ரோடியோ தொடங்கினார்கள் என்பதே எனக்குப் புதுச்செய்தி. அதிலும் இரண்டு பேர் ஓடிப்போய் ஓர் ஆட்டுக்கு ஜட்டி மாட்டிவிட்டுத் திரும்ப ஓடிவரும் போட்டி! அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஆடு சும்மாவா இருக்கும்?" என்று கேட்டாள். இருக்காது என்றேன்.

சோகமான முடிவு வேண்டாம் என்று நீ பிடிவாதமாக இருப்பதற்கான காரணமும் எனக்குப் புரிகிறது. 1997இல் ஆனி ப்ரூ எழுதிய, இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் 'ப்ரோக்பேக் மவுண்டன்' என்ற அந்தப் புகழ்பெற்ற வயோமிங் கதையைத் தேடிப் படித்தேன். (அதில் அவர்கள் மேய்ப்பது மாடல்ல, செம்மறி. எல்லோரும் கௌபாய் கதை என்கிறார்கள்.) அதில் ஒருவன் சாகிறான், மற்றவன் இறந்தவனின் சட்டையோடு மிஞ்சுகிறான். அது வெளியான மறு ஆண்டே, அதே வயோமிங்கில், லாரமி நகரத்தில் தன்பாலின ஈர்ப்பாளனான கல்லூரி மாணவன் மேத்யூ ஷெப்பர்டை அடித்து வேலியில் கட்டிவிட்டுப் போனார்கள்; மருத்துவமனையில் இறந்தான். இருபத்தொரு வயது. அதைப் படித்த இரவு உனக்கு நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசியில் அழைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. ஆகவே உன் நாவலின் முடிவில் கை வைக்காதே. இருவரும் அந்த மண்ணிலேயே வயதாகி, முட்டிவலி பற்றிப் புலம்பட்டும்.

என் சண்டையெல்லாம் அந்த அப்பாவோடுதான். இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் மகன் விஷயத்தைச் சொல்கிறான். இருநூற்றுப் பதினொன்றில் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ யாராக இருந்தாலும் என் மகன்" என்று கட்டிப்பிடிக்கிறார். தம்பி, எந்த ஊர் அப்பா இவர்? நாற்பது ஆண்டுகள் மாட்டோடு மட்டும் பேசிய மனிதனுக்கு இந்த வசனம் எங்கிருந்து வந்தது? நீ சொன்ன அன்று நான் என்ன செய்தேன் என்பது உனக்கே தெரியும். எழுந்து போய் மோட்டாரைப் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் நாம் தொலைபேசியில் மழையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வேண்டுமானால் அதை எடுத்துக்கொள். உன் கிழவர் மூன்று அத்தியாயமாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கட்டும். அசட்டுத்தனமான கேள்விகள் கேட்கட்டும், ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லட்டும்.

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவை நீ எனக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா? மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னை வந்த, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கு. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டு, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் தீர்ப்பு எழுதினார். இந்த ஈர்ப்பை மாற்றுகிறோம் என்று நடத்தும் வைத்தியங்களுக்கும் தடை போட்டார். தீர்ப்பைவிட, அவர் போய் உட்கார்ந்த அந்த நாற்காலிதான் எனக்கு உதவியது. உன் கிழவருக்கும் அப்படி ஒரு நாற்காலி போட்டுக் கொடு. அந்த ஊரில் அது டாக்டர் அறையாக இருக்க வேண்டியதில்லை, லாடம் அடிக்கும் கொட்டகையாக இருக்கலாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் இரவில் கதையாகச் சொல்லிவந்தேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் சில பக்கங்களைத் தாண்டிவிட்டேன். அது அவளுக்காக அல்ல, எனக்காக. அவளுக்கு இரண்டு சந்தேகங்கள். கதை முழுக்க எல்லோரும் பீன்ஸையும் காப்பியையுமே சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அந்த லாடக்காரப் பையனுக்கு அம்மா இல்லையா, இருந்தால் ஏன் ஒரு முறைகூட வரவில்லை? இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ எழுது.

உன் கல்யாணம் பற்றி அத்தை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "நன்றாக இருக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் காளைகளை உன்னோடு இருப்பவர் பார்க்க வேண்டும் என்றாயாமே, அம்மா சொன்னாள். இருவரும் வாருங்கள், மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஊரில் என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது என்பதை நீங்களே பேசி முடிவு செய்து முன்கூட்டி எழுதுங்கள்; சந்தையில் கேட்பவர்களுக்கு நான் தடுமாறக் கூடாது. அவருக்குக் காரம் ஆகுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். லாடம் அடிக்கும் அத்தியாயத்திலும் ஆணி போகும் இடம் தவறாக இருக்கிறது. படம் வரைந்து தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா