'தேவ சித்தம்' என்று யார் சொல்லலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். கடந்த இதழில் வெளியான முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனை) பற்றிய கட்டுரையையும், அதை மறுத்து வந்த கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை வைத்து, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன என்கிறார். மறுப்பவர்கள் யோசுவா 24:15-ஐக் காட்டி, 'யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லப்பட்ட பிறகு மனிதனுக்குச் சுதந்தரம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். இரு தரப்பிலும் வசனத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வசனங்களை யார், யாரிடம், எந்த நிலையில் நின்று சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் இந்த விவாதத்தைச் சபைக்குள் கொண்டுவருவது ஆபத்து என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

யோசேப்பின் வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்துக்கொள்வோம். 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்' (ஆதியாகமம் 50:20). தேவனுடைய சர்வ ஆளுகைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி பழைய ஏற்பாட்டில் அரிது. இதைச் சொன்னவர் யார்? குழியில் தள்ளப்பட்டவர், இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவர், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தவர். விற்றவர்கள் இதைச் சொல்லவில்லை. தகப்பன் இறந்த பிறகு பயந்துபோய் வந்த அந்தச் சகோதரர்கள், 'எல்லாம் தேவன் வகுத்த வழிதானே, உன்னை எகிப்துக்கு அனுப்பியது அவர்தானே' என்று பேசியிருக்கலாம். உண்மையில் அது யோசேப்பே முன்பு அவர்களிடம் சொன்ன வார்த்தைதான் (45:5). ஆனாலும் அவர்கள் அதைக் கேடயமாகத் தூக்கிக்கொள்ளவில்லை. தாங்கள் செய்ததைத் துரோகம் என்றும் பாதகம் என்றும் பெயரிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். யோசேப்பும் 'தீமை' என்ற சொல்லை விழுங்கிவிடவில்லை. ஒரே வாக்கியத்தில் அவர்களுடைய பொறுப்பும் இருக்கிறது, தேவனுடைய ஆளுகையும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடவில்லை.

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதும் இப்படித்தான். இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியே என்கிறார். அடுத்த மூச்சிலேயே, 'நீங்கள்... கொலைசெய்தீர்கள்' என்கிறார் (அப்போஸ்தலர் 2:23). கேட்டவர்கள், 'அப்படியானால் எங்கள்மேல் குற்றமில்லை' என்று வீட்டுக்குப் போகவில்லை. இருதயத்திலே குத்தப்பட்டவர்களாய், 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று கேட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் சபைகளில் வேறு மாதிரி நடக்கிறது. எங்கள் ஊரில் சாலை வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் இரவில் பைக் மோதி ஒரு வாலிபன் இறந்துபோனான். தடுப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, ஒரு துணிகூடக் கட்டி வைக்கவில்லை. அடக்க ஆராதனையில், 'கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு மலரைப் பறித்துக்கொண்டார்' என்று பிரசங்கிக்கப்பட்டது. தாய் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். காண்டிராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புகார் கொடுக்கலாமா என்று பிறகு பேச்சு எடுத்தவர்களையும், தேவ சித்தத்துக்கு விரோதமாக முறுமுறுக்காதீர்கள் என்று அடக்கிவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தாய் ஒருநாள் தன் வாயால் சொல்லவேண்டிய விசுவாச அறிக்கையை, அவருடைய கண்ணீர் காயுமுன் நாம் பிடுங்கி, குற்றம் செய்தவனுக்கு ஜாமீனாகக் கொடுத்துவிட்டோம். அது வேத போதனை அல்ல. நம் ஊரில் 'தலையெழுத்து' என்று சொல்லி வாயடைப்பார்களே, அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டது.

தேவன் தீர்மானித்துவிட்டார் என்றால் மனிதன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைத்தான் நான் காட்டுவேன். முன்குறித்தலைப் பற்றிப் பேசும்போது இந்த அதிகாரத்தை யாரும் திறப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கைதியாக ரோமாபுரிக்குப் போகும் பவுல், யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் அகப்படுகிறார். கப்பலில் 276 பேர். பல நாளாகச் சூரியனும் நட்சத்திரமும் தெரியவில்லை. தேவதூதன் வந்து, உன்னோடே யாத்திரை பண்ணுகிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்தருளினார் என்று சொல்லிவிடுகிறான். பவுலும், கப்பல்தான் சேதமாகும், ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று அறிவித்துவிடுகிறார். அதில் 'ஒருவேளை' இல்லை.

பதினாலாம் இராத்திரி. ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி). சற்று அப்பால் போய்ப் பார்த்தால் பதினைந்து பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதிவிடுவோம் என்ற பயம். கப்பலின் பின்பக்கமான பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். அந்த இருட்டில் கப்பலாட்கள், முன்பக்கமான முன்னணியத்திலிருந்தும் நங்கூரம் போடப் போவதுபோல் பாவனை காட்டி, கப்பலில் இருந்த சிறு படவைக் கடலில் இறக்குகிறார்கள். தப்பித்து ஓடுவதுதான் எண்ணம். பவுல் அதைக் கண்டுவிட்டார். 'தேவன்தான் வாக்குக் கொடுத்துவிட்டாரே, ஓடினால் ஓடட்டும்' என்று அவர் பேசாமல் இருக்கவில்லை. நூற்றுக்கு அதிபதியையும் சேவகரையும் பார்த்து, 'இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்' என்கிறார். சேவகர் படவின் கயிறுகளை அறுத்து, அதைத் தாழ விழவிடுகிறார்கள். பிறகு பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை இலகுவாக்குகிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். 276 பேரும் பிழைத்தார்கள், சொன்னது சொன்னபடியே.

அந்த வாக்குறுதி கயிறு அறுத்த கத்தியையும், வயிற்றுக்குள் போன அப்பத்தையும், மிதந்த பலகையையும் உள்ளடக்கியதாக இருந்தது. தேவனுடைய தீர்மானத்தை அறிந்திருந்ததால் பவுல் சோர்ந்து உட்காரவில்லை. அந்தக் கப்பலிலேயே விழிப்போடு இருந்தவர் அவர்தான்.

இதற்கு நேர்மாறான ஆள் ஆசாரியனாகிய ஏலி. அவருடைய வீட்டின்மேல் தேவன் விதித்த தீர்ப்பைச் சிறுவன் சாமுவேல் சொல்லக் கேட்டதும், 'அவர் கர்த்தர். அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக' என்றார். இதைத் தாழ்மைக்கு உதாரணமாகப் பிரசங்கிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. குமாரர்கள் ஆசரிப்புக் கூடாரத்திலேயே அக்கிரமம் செய்வதை அறிந்தும் அவர்களை அடக்காதவர், இப்போதாவது எழுந்துபோய் அவர்களைத் தடுத்திருக்க வேண்டாமா? ஏலிக்கு வந்தது கடைசித் தீர்ப்பு என்பார்கள். யோனா தீர்க்கதரிசி மூலம் நினிவே நகரத்துக்கு வந்த செய்தியில் மட்டும் 'மனந்திரும்பினால்' என்ற வார்த்தை இருந்ததா? நாற்பது நாள், அப்புறம் கவிழ்ந்துபோகும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் புறஜாதி ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். தேவன் மனஸ்தாபப்படுவாரோ, யாருக்குத் தெரியும் என்றான். ஆசாரியன் அடங்கிப்போனார், அந்நியன் எழுந்து நின்றான்.

இஸ்ரவேலரைப் போகவிட மறுத்த எகிப்தின் ராஜா பார்வோனைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். அவன் இருதயத்தைக் கர்த்தர் கடினப்படுத்தினார் என்றும், அவனே கடினப்படுத்திக்கொண்டான் என்றும் யாத்திராகமம் மாறி மாறிச் சொல்கிறது. அவன்தான் முந்திக்கொண்டான் என்று கணக்குப் போட்டுத் தேவனைக் காப்பாற்ற முயல்பவர்கள் 4:21-ஐத் தாண்டமுடியாது. வாதைகள் தொடங்கும் முன்பே கர்த்தர் சொல்லிவிட்டார். அதேபோல, ஏழாம் வாதையான கல்மழை ஓய்ந்த பிறகும் அவனே மீண்டும் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்கிறது 9:34. இரண்டையும் எழுதியவருக்கு அது முரண்பாடாகப் படவில்லை. அதை ஒரு சூத்திரத்துக்குள் அடைக்க எனக்குத் தெரியவில்லை. அடைத்துவிட்டோம் என்று சொல்பவர்கள் பாதி வசனத்தை விட்டுவிடுகிறார்கள்.

இந்த விவாதம் புதிதல்ல. மனித சித்தத்துக்குச் சுதந்தரம் உண்டு என்று அறிஞர் எராஸ்முஸ் 1524-இல் எழுதினார், சீர்திருத்தவாதி லூத்தர் 1525-இல் மறுத்தார். 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் இதற்காகத் திருச்சபை மாமன்றமே கூடிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஒரே எழுப்புதலில் தோளோடு தோள் நின்ற பிரசங்கிமார் வெஸ்லியும் விட்ஃபீல்டும் இதற்காகப் பிரிந்தார்கள். ஆனால் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, முன்குறித்தலை அறிக்கையிட்ட பிரஸ்பிட்டேரியன் மரபும், அதை எதிர்த்த வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபும் ஒரே பந்தியில் அமர்ந்தன. தங்கள் இதழில் எழுதிய இரு தரப்பினருமே அந்தப் பந்தியின் பிள்ளைகள். ஒருவரையொருவர் 'வேதம் அறியாதவர்' என்று எழுதுவதை இனியாவது ஆசிரியர் என்ற முறையில் தாங்கள் தடுக்கவேண்டும்.

அடுத்த இதழில் கட்டுரையின் இரண்டாம் பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் ஒன்று. களிமண்ணைத் தன் விருப்பப்படி வனையும் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தின் குயவனை விளக்கும்போது, எரேமியா 18-இல் உள்ள குயவனையும் சேர்த்து விளக்குங்கள். அங்கே ஜாதி மனந்திரும்பினால் தீர்ப்பு மாறுகிறது. ஒன்பதாம் அதிகாரத்தைப் பவுல் தன் ஜனத்துக்காக இடைவிடாத மனவேதனையோடு தொடங்குகிறார் என்பதை விட்டுவிடாதீர்கள். அங்கேயே நிறுத்திவிடாமல் பத்தாம் அதிகாரத்துக்கும் வாருங்கள்: இஸ்ரவேலர் இரட்சிக்கப்படவேண்டும் என்று அவர் மன்றாடுவதும், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று அவர் கேட்பதும் அங்கேதான் இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.