கடலடிக் கம்பிக்கும் அந்த விதி வேண்டும்

சிங்கப்பூர்த் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடியிழைக் கம்பி நெட்லிங்க் என்ற நிறுவனத்துடையது. ஆனால் நெட்லிங்க் எனக்கு இணையச் சேவை விற்க முடியாது. விற்கிற நிறுவனங்களிடம் ஆளுக்கொரு விலை சொல்லவும் முடியாது. வழி ஒருவர் கையில், வியாபாரம் வேறொருவர் கையில் என்று நீங்கள் வகுத்த விதி அது. இணையச் சேவை விற்கும் சிங்டெல்லுக்கு நெட்லிங்க்கில் இருந்த பங்கு 25 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியாக வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்காமல் நின்றீர்கள்.

நாடுகளுக்கிடையே இணையத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகள் கிடக்கும் கடலுக்கு அடியில் நிலைமை வேறு. 2021இல் அறிவிக்கப்பட்ட எக்கோ, பைஃப்ரோஸ்ட், ஏப்ரிகாட் ஆகிய மூன்று கம்பிகளும் சிங்கப்பூரை இணைப்பவை. மூன்றிலும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பங்குதாரராக இருக்கிறது, இரண்டில் கூகுள் இருக்கிறது. காணொளி, தேடல், விளம்பரம் என்று அந்தப் பாதையில் ஓடும் சரக்கிலும் பெரும்பங்கு இவர்களுடையதே. நெரிசல் நேரத்தில் யாருடைய சரக்கு முந்தும், யாருடையது காத்துக்கிடக்கும் என்பதை வெளியிலிருந்து யார் பார்க்க முடியும்? தவறு நடந்துவிட்டது என்று நான் குற்றம்சாட்டவில்லை. நடந்தால் நமக்குத் தெரியவராது என்பதே என் கவலை.

இதே பிடி கிளவுட்டிலும், அதாவது பெரிய நிறுவனங்கள் வாடகைக்கு விடும் இணையவழிக் கணினி, தரவுச் சேமிப்புச் சேவையிலும் உண்டு. தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பருக்குக் கணக்கு எழுதுகிறேன். அவருடைய கிளவுட் ரசீதைப் பாருங்கள்: தரவை உள்ளே போடக் காசு இல்லை, வெளியே எடுக்க கிகாபைட்டுக்கு இவ்வளவு என்று தனி வரி. பல ஆண்டு இருப்புக் கணக்கை வேறிடம் கொண்டுபோக நினைப்பவரை அந்த ஒரு வரியே தடுத்து உட்காரவைத்துவிடும். ஐரோப்பியத் தரவுச் சட்டம் 2024 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகுதான் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், ஒரேயடியாக விலகிப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டணத்தைக் கைவிட்டன. அவர்களாகக் கொடுத்ததை அவர்களாகவே திரும்பப் பெறலாம். சட்டம் கொடுத்ததை அவர்கள் திரும்பப் பெற முடியாது.

நம்மிடம் 2024இல் திருத்திய இணையப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது ஊடுருவலுக்கும் முடக்கத்துக்கும் எதிரான காவல். உரிமையாளரே பிடியை இறுக்கினால் தட்டிக்கேட்பது அதன் வேலை அல்ல.

கரைக்கு வரும் கடலடிக் கம்பிகளை இரட்டிப்பாக்க 2023இல் திட்டம் வெளியிட்டீர்கள். புதிய உரிமங்களிலேயே எழுதுங்கள்: சொந்தச் சேவைக்குத் தரும் அதே விலை, அதே வேகம் மற்றவர்களுக்கும், ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை. கிளவுட்டிலிருந்து வெளியேறும் கட்டணத்தைச் சட்டத்தால் நீக்குங்கள். கம்பி கரையேறிய பிறகு நிபந்தனை போடப் போனால், பேரம் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
சிராங்கூனில் வசிக்கும் ஒரு கணக்கர்